சரோஜாவை யாரும் கிண்டல் பண்ணக் கூடாது

காய்ந்த பெட்ஷீட்டை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு ஒரு உதறு, ஒரு இழுப்பு, பாதியாக ஒரு மடிப்பு. பிறகு இருவரும் நடந்து வந்து நடுவில் சந்தித்து, ஒருத்தி தன் முனைகளை எதிரில் இருப்பவளிடம் கொடுத்துவிட்டு, குனிந்து, கீழே தொங்கும் மடிப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர வேண்டும். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலைப் பார்த்திருந்த ஓட்டலின் லாண்டரியில் இந்த வேலையை மார்கரெட்டும் சரோஜாவும் ஜோடியாகச் செய்துவந்தார்கள். மார்கரெட் சூப்பர்வைசர் ஆன பிறகும் அது மாறவில்லை. காலையில் முதல் கட்டுத் துணியை சரோஜாவோடு நின்று மடித்துவிட்டுத்தான் மற்ற வேலையைப் பார்க்கப் போவாள்.

மடிக்கும்போது பேச்சு தானாக வரும். அதில் பெரும்பகுதி சரோஜாவின் பேச்சு.

"இன்னா மார்கரெட்டு, ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போனியே, பாதர் இன்னா சொன்னாரு? சரோஜாவுக்கு சம்பளம் ஏத்திக் குடுன்னாரா?"

"உன் வாயக் கொறைக்கச் சொன்னாரு."

"அத்த அவரு சொல்ல மாட்டாரே. மைக்கப் புடிச்சாருன்னா அவரே வுட மாட்டாரு."

டிரையர் பக்கம் நிற்கும் பாப்பா அங்கிருந்தே கத்துவாள்: "யக்கோவ், பாதரையும் வுட்டு வைக்கலியா நீ?" பாப்பா அந்த லாண்டரியில் வயதில் சின்னவள். கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. சரோஜா அவளுடைய சமையலைப் பற்றித் தினம் ஒன்று சொல்லுவாள். பாப்பா சரோஜாவின் நடையைப் பற்றி ஒன்று சொல்லுவாள். அதெல்லாம் இல்லாமல் அந்தச் சூட்டில், அந்தச் சோப்பு நாற்றத்தில் ஒரு நாளை ஓட்ட முடியாது.

மார்கரெட் அதிகம் பேசுகிறவள் அல்ல. திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் பிறத்தியார் நிலத்தில் நடவும் அறுப்புமாக இருந்தவர்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தாள். கருப்பனைக் கட்டிக்கொண்டாள். சர்ச்சில் ஒரு தடவை, அவனுடைய குலதெய்வத்தின் முன்னால் ஒரு தடவை என்று அவர்களுக்கு இரண்டு கல்யாணம். கருப்பன் சிற்பப் பட்டறையிலிருந்து முடிந்த சிலைகளை ஏற்றிப் போகும் சின்ன லாரி ஓட்டினான். தொண்ணூற்றைந்தில் ஓட்டல் திறந்தபோது பெருக்குகிற வேலைக்கு வந்தவள் மார்கரெட். அங்கிருந்து லாண்டரி. சண்டை வராமல் வேலை பிரித்துக் கொடுப்பாள் என்பதற்காகத்தான் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். அவளுக்கே அது கொஞ்சம் ஆச்சரியம்.

இரண்டாயிரத்து ஏழு மழைக்காலம் முடியும் சமயத்தில் சரோஜா பேசுவதை நிறுத்தினாள். ஒரே நாளில் அல்ல. முதலில் பதில்கள் சின்னதாயின. அப்புறம் சிரிப்பு போயிற்று. நாஸ்தாவுக்கு உட்கார்ந்தால் இட்லியைப் பிட்டுக்கொண்டே இருப்பாள், வாய்க்குப் போகாது. காரணம் என்ன என்று எல்லோரும் தேடினார்கள். பெரிய பெண்ணுக்குக் கல்யாணம் நல்லபடியாக முடிந்திருந்தது. புருஷன் குடிக்கிறவன் இல்லை. சுனாமியில் கடல் உள்ளே வந்த வருஷத்தில்கூட அவள் வீட்டுக்குச் சேதம் கிடையாது. திருப்போரூர் முருகனுக்கு வேண்டிக்கொள்ளச் சொன்னார்கள், வேண்டிக்கொண்டாள். கையில் கயிறு கட்டினார்கள், கட்டிக்கொண்டாள்.

"காரணம் இருந்தா சொல்ல மாட்டனா?" என்று ஒருநாள் மார்கரெட்டிடம் சொன்னாள். "காலைல எந்திரிக்கறதே மலையேற்ற மாரி கீது. அவ்ளோதான்."

மார்கரெட்டின் அம்மா ஒரு வருஷம் இப்படித்தான் இருந்தாள். சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். நடவுக்குப் போகிற பெண்கள் வாசலில் நின்று, "மவராசி இன்னும் எந்திரிக்கலியா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போவார்கள். மார்கரெட் அப்போது சிறுமி. அந்தச் சிரிப்பு நிற்கும்வரை கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நிற்பாள். அம்மா பிறகு எழுந்தாள், வேலைக்கும் போனாள். ஆனால் பழைய அம்மாவாக இல்லை.

அந்த நேரத்தில்தான் ஓட்டலில் பயிற்சி நடந்தது. நிர்வாகம் கைமாறியிருந்தது. வந்தவர்கள் ஊழியர்களுக்கு வருஷா வருஷம் ரத்தப் பரிசோதனை வைத்தார்கள். அதோடு, ஆட்களை நடத்துகிற பொறுப்பில் இருப்பவர்களுக்கு மனநலம் பற்றி இரண்டு நாள் வகுப்பும் வைத்தார்கள். மேனேஜர் பிரவின்குமார் மார்கரெட்டின் பெயரையும் எழுதிக்கொண்டார்.

வகுப்பு பெரிய ஹாலில். பத்துப் பன்னிரண்டு வருஷம் அந்த ஹாலின் மேசை விரிப்புகளைத் துவைத்தவள் அன்றைக்குத்தான் அங்கே உட்கார்ந்தாள். ஏசி குளிரில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு, தன் முன்னால் இருந்த விரிப்பில் முழுதாகப் போகாமல் விட்ட ஒரு காபிக் கறையைத் தண்ணீர் டம்ளரை வைத்து மறைத்தாள். சென்னையிலிருந்து வந்திருந்த ஸ்ரீதேவி மேடம் நல்ல தமிழில், அவசரப்படாமல் பேசினார். மனச்சோர்வு என்பது சோம்பேறித்தனம் அல்ல, திமிர் அல்ல, பேய் அல்ல என்றார். தூக்கம், சாப்பாடு, பேச்சு, வேலையில் கவனம், இந்த நான்கும் இரண்டு வாரத்துக்கு மேல் மாறியிருந்தால் கவனியுங்கள் என்றார். தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். ஏன், ஏன் என்று குடையாதீர்கள். அறிவுரை வேண்டாம், காது கொடுங்கள். கொஞ்ச நாளைக்கு வேலைப் பளுவைக் குறையுங்கள். டாக்டரிடம் போகத் துணை செய்யுங்கள். மென்டல், லூசு என்று கேலி செய்ய விடாதீர்கள்.

தோட்டத்து மேஸ்திரி சின்னராசுவைச் சோர்ந்துபோன ஆளாக நடிக்கச் சொன்னார். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினார். "ஐயா, உங்களுக்கு டிபி இல்ல, மனசுதான் சரியில்ல" என்று மேடம் சொன்னதும் ஹாலே சிரித்தது. மார்கரெட் மட்டும் சிரிக்கவில்லை. அவள் காதில் கேலி என்ற வார்த்தைதான் நின்றுகொண்டிருந்தது.

மறுநாள் காலை, சரோஜா நாஸ்தாவுக்குப் போயிருந்தபோது, மார்கரெட் எல்லோரையும் மடிக்கிற மேசையைச் சுற்றி நிறுத்தினாள்.

"சரோஜாவை இனிமே யாரும் கிண்டல் பண்ணக் கூடாது. ஒரு வார்த்த கூட."

"அப்ப அவகிட்ட இன்னாதான் பேசறது?" என்றாள் பாப்பா.

"மரியாதையா பேசு. கஷ்டமான வேல குடுக்காதீங்க. அவ சத்தம் போட்டாலும் பதிலுக்குப் போடாதீங்க."

"அவ சத்தம் போட்டாத்தான் பரவால்லியே."

"பாப்பா, வெளாட்டு இல்ல இது."

மார்கரெட் அப்படிக் குரலை உயர்த்தி அவர்கள் கேட்டதில்லை. ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டதோடு, மனசார செய்தார்கள். சரோஜா உள்ளே வந்தால் "வாங்கக்கா, உக்காருங்கக்கா" என்றார்கள். அவள் ஈரத்துணிக் கூடையில் கை வைத்தால் ஓடிவந்து வாங்கிக்கொண்டார்கள். பாப்பா வீட்டிலிருந்து வஞ்சிரம் வறுத்துக்கொண்டு வந்து, நல்ல துண்டை சரோஜாவின் தட்டில் வைத்தாள். மார்கரெட் சரோஜாவை மடிப்பிலிருந்து எடுத்துவிட்டு, உள்ளறையில் ஜன்னலோரம் ஸ்டூல் போட்டு, தலையணை உறைகளை அடுக்குகிற வேலையைக் கொடுத்தாள். உட்கார்ந்து செய்கிற வேலை, தனியாக, அமைதியாக. காலையில் பெட்ஷீட் மடிக்க மார்கரெட்டுக்கு எதிரில் பாப்பா நின்றாள். இருவரும் வாய் திறக்காமல் மடித்தார்கள், உள்ளறைக்குக் கேட்டுவிடும் என்று.

பிரவின்குமார் ஒரு கூட்டத்தில் லாண்டரியைச் சொல்லிப் பாராட்டினார். மார்கரெட் அன்றைக்கு பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து, தன் அம்மாவை நினைத்துக்கொண்டே போனாள்.

பொங்கல் கழிந்து ஒரு வாரத்தில் சரோஜா மார்கரெட்டின் அறைக்கு வந்து நின்றாள். அறை என்றால் யூனிபார்ம் அலமாரிக்கும் சோப்பு மூட்டைகளுக்கும் நடுவில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி.

"மாசக் கடைசியோட நின்னுக்கறேன்."

மார்கரெட்டுக்கு ஏன் என்ற வார்த்தை நாக்கு வரை வந்தது. ஏன் என்று குடையாதீர்கள் என்று மேடம் சொன்னது ஞாபகம் வர, அதை விழுங்கிவிட்டு, வகுப்பில் பழகிய மாதிரி சொன்னாள்: "உனக்கு இன்னா தோணுதோ அத்த சொல்லலாம் சரோஜா. நான் கேட்டுக்கறேன்."

சரோஜா அவளை, முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"ஒண்ணும் தோணல."

"சரி."

"சரின்னா, நின்னுக்கட்டுமா?"

"நீ நல்லா யோசிச்சு..." என்று தொடங்கி, அது அறிவுரை ஆகிவிடுமோ என்று மார்கரெட் நிறுத்திக்கொண்டாள். சரோஜா தலையாட்டிவிட்டுப் போனாள். இவ்வளவு வருஷம் முகத்துக்கு முகம் நின்று துணி மடித்தவளை ஒரு வார்த்தை கேட்டு மார்கரெட்டால் தடுத்து வைக்க முடியவில்லை.

அன்று இரவு சாப்பாட்டின்போது கருப்பனிடம் சொன்னாள்.

"அவளுக்கு இன்னாதான் கொறைன்னு கேட்டியா?"

"அப்டிக் குடையக் கூடாதாம்."

"கேக்கறதுக்கும் குடையறதுக்கும் வித்தியாசம் இல்லியா? கொழம்பு ஊத்து." அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான், "உங்கம்மா மாரி ஆயிடுவாளோன்னு பயப்படற நீ."

மார்கரெட் கரண்டியைச் சட்டியில் வைத்தாள். ஆமாம், அதுதான். சரோஜாவுக்கு வெளியே போக வேறு இடம் கிடையாது. ஓட்டல் வேன் வருகிறது என்பதற்காகத்தான் இன்றைக்கும் தலை வாரிக்கொள்கிறாள். வேலையை விட்டால் வீட்டில் ஒரு சுவர் இருக்கும், அதன் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அப்புறம் யார் எழுப்புவார்கள்?

மாதத்தின் கடைசி நாளுக்கு முதல் நாள், வடக்கேயிருந்து பெரிய சுற்றுலாக் கூட்டம் ஒன்று வந்து இறங்கியது. பெட்ஷீட் மலையாகக் குவிந்தது. மதியத்துக்குப் பிறகு அறைகளிலிருந்து டிராலி திரும்பி வந்தது. பெரிய தலையணை உறைகளோடு சின்னவையும் கைத்துண்டுகளும் கலந்து போயிருந்தன. அடுக்கியவள் சரோஜா. ஆனால் மேலே கொண்டுபோய்க் கொடுத்தவள் பாப்பா என்பதால் திட்டெல்லாம் பாப்பாவுக்கு. அறைகளைக் கவனிக்கிறவர்கள் விருந்தாளிகள் முன்னாலேயே திட்டியிருந்தார்கள். அவள் டிராலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது முகம் வெந்திருந்தது. நேராக உள்ளறைக்குப் போனாள். கையில் இருந்த உறைகளை சரோஜாவின் மடியில் போட்டாள்.

"ஏ சரோஜா! கண்ணு இன்னா பொடனிலயா கீது உனக்கு? பெருசு எது சின்னது எதுன்னு தெர்ல? உன்னால எனுக்கு அவ்ளோ பேரு முன்னால அசிங்கம்!"

லாண்டரியே நின்றுவிட்டது. டிரையர் மட்டும் உருண்டுகொண்டிருந்தது. மார்கரெட் ஓடி வந்தாள். "பாப்பா! உங்கிட்ட நான் இன்னா சொன்னேன்?"

சரோஜா மடியில் கிடந்த உறைகளைப் பார்த்தாள். பிறகு பாப்பாவைப் பார்த்தாள். பேசிப் பழக்கம் விட்டுப்போன தொண்டையிலிருந்து கரகரவென்று குரல் வந்தது.

"பொடனில இருந்தா உன் மூஞ்சியப் பாக்காமயாவது இருந்திருக்கலாமேடி."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கலாமா என்று மார்கரெட்டைப் பார்த்தார்கள். பாப்பாவுக்கு வாய் கோணிக்கொண்டு போயிற்று. சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று வெளியே வந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னாடி அழற? திட்டினவ நீதான?" என்றாள் சரோஜா. "திட்டு. இன்னும் திட்டு. எவ்ளோ நாளு ஆச்சு, மனுசாளுங்க மாரி எவளாவது எங்கிட்ட ஒரு வார்த்த பேசி? நான் உள்ள வந்தா வாய மூடிக்கிறீங்க. வாங்கக்கா, போங்கக்கான்றீங்க. வேல செய்ய வுட மாட்றீங்க. வஞ்சிரம் குடுக்கறீங்க! கருவாட்டுத் தலைக்குச் சண்ட போடறவ நீ, எனுக்கு வஞ்சிரம் குடுக்கற. எனுக்கு இன்னா தெரியாதா?"

"இன்னா தெரியும் உனுக்கு?" என்றாள் மார்கரெட்.

"ரத்தம் எடுத்தாங்களே. ரிப்போர்ட்டு உங்கிட்டதான வந்துச்சு? எனுக்குப் பெரிய வியாதின்னு தெரிஞ்சிகினு எல்லாரும் மறைக்கிறீங்க. எங்க மாமியாருக்கு வயித்துல கட்டின்னு தெரிஞ்சப்ப நாங்களும் இப்டித்தான் பண்ணோம். சண்டையே போடல. கேட்டதெல்லாம் செஞ்சு குடுத்தோம். போற வரைக்கும் சொல்லவே இல்ல."

மார்கரெட்டுக்கும் தெரிந்ததுதான் அது. சாவுக்கு நாள் எண்ணுகிறவர்களுக்கு ஊரில் எல்லோரும் செய்வது. இத்தனை நாளாக அச்சு அசலாக அதைத்தான் சரோஜாவுக்குச் செய்து வைத்திருக்கிறாள்.

"நீ உள்ள வா" என்று சரோஜாவின் கையைப் பிடித்துத் தன் அறைக்குக் கூட்டிப்போனாள். மேசைமேல் சரோஜாவின் யூனிபார்ம் சேலைகள் இருந்தன. துவைத்து, மடித்து, திருப்பிக் கொடுப்பதற்காகச் சரோஜாவே காலையில் கொண்டுவந்து வைத்திருந்தாள்.

மார்கரெட் எல்லாவற்றையும் சொன்னாள். வகுப்பைச் சொன்னாள், மேடம் சொன்னதைச் சொன்னாள், தான் எல்லோரிடமும் போட்ட கட்டளையைச் சொன்னாள். மேடம் மடிப்பிலிருந்து எடுக்கச் சொல்லவில்லை, தனியாக உட்கார வைக்கச் சொல்லவில்லை, அதெல்லாம் தன் மூளை என்றாள். அம்மாவைப் பற்றியும் வாசலில் நின்று சிரித்தவர்களைப் பற்றியும் சொன்னாள். இதுவரை கருப்பனைத் தவிர யாரிடமும் சொல்லாதது. சரோஜா நாற்காலி நுனியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப எனுக்கு ஒண்ணும் இல்ல."

"ரத்தத்துல ஒண்ணும் இல்ல. ரிப்போர்ட் நல்லாதான் கீது, காட்டறேன்." மார்கரெட் நிறுத்தினாள். ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட ஆசையாக இருந்தது. "ஆனா ஒண்ணுமே இல்லன்னு சொல்ல மாட்டேன். நீ தூங்கறது இல்ல. துன்றது இல்ல. பெருசையும் சின்னதையும் சேத்து அடுக்கறவ இல்ல நீ."

"அது தெரியுது எனுக்கு."

"செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரில இதுக்குன்னே டாக்டருங்க கீறாங்களாம். நான் லீவு போட்டு உன்கூட வரேன்."

"பைத்தியக்கார டாக்டரா?"

"ஆமா, அவருதான்."

சரோஜா மேசைமேல் இருந்த சேலையின் மடிப்பை விரலால் நீவினாள். "வேன்ல இருக்கறவளுங்களுக்குத் தெரிஞ்சா?"

"தெரியட்டும். நானும் அவர்கிட்ட காட்டத்தான் போறேன்னு சொல்லிக்கறேன்."

"உனுக்கு இன்னாவாம்?"

"உன்னோட இத்தினி வருசம் குப்ப கொட்டினேனே, அது போதாதா?"

சரோஜாவின் உதட்டோரம் ஏதோ அசைந்து அடங்கியது.

"டாக்டர் ரூமுக்குள்ள நீ வருவியா, வெளிய உக்காந்துக்குவியா?"

"நீ எங்க சொல்றியோ அங்க."

"பஸ்ஸுல எனுக்கு வாந்தி வரும்."

"பை எடுத்துகினு வரேன்."

கடல் பக்கத்துக் காற்றில் ஜன்னல் கதவு ஒருமுறை அடித்துக்கொண்டது. மார்கரெட் எழுந்து கொக்கியை மாட்டினாள். திரும்பாமல், ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்:

"சரோஜா, நாளைக்கி கடைசி நாளு. நிக்கப் போறியா, வரப் போறியா? எனுக்குத் தெரிஞ்சாவணும். எங்கம்மாவ யாரும் எங்கியும் கூட்டிகினு போவல. எங்களுக்குத் தெரியவும் இல்ல. உன்னியும் அப்டி வுட்டுட்டு என்னால இங்க நின்னு மடிச்சிகினு இருக்க முடியாது. சொல்லு, இன்னா பண்ணப் போற?"

வெளியே பாப்பாவின் குரல் கேட்டது. அழுது முடித்த குரல். ஆனால் பழைய உயரத்துக்கு ஏறியிருந்தது.

"யக்கோவ்! உள்ள இன்னா ரெண்டு பேரும் கல்யாணம் பேசறீங்களா? பெட்ஷீட்டு மலையா கெடக்குது, இந்தப் பக்கம் முனையப் புடிக்க ஆளு இல்ல!"

"கத்தறா பாரு, காக்கா மாரி" என்று சரோஜா முணுமுணுத்தாள்.

சேலைகள் மேசைமேல் கிடந்தன. அவள் அவற்றை எடுக்கவும் இல்லை, மார்கரெட்டின் பக்கம் தள்ளவும் இல்லை. எழுந்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய், பாப்பாவுக்கு எதிரில் நின்று பெட்ஷீட்டின் முனையைப் பிடித்தாள்.